அரிய காட்டுத் தாவரங்களின் விதைகளைச் சேகரித்துச் சேமிப்பது எப்படி? தமிழகத் தட்பவெப்பத்துக்கான முழுமையான வழிகாட்டி

செம்மரம், மாகாளிக்கிழங்கு, செங்காந்தள், சந்தனம் என்று காட்டில் அருகிவரும் தாவரங்களின் விதைகளைச் சேர்த்து வைக்கக் கல்லூரித் தாவரவியல் துறைகளும், நாற்றங்கால் நடத்துவோரும், ஊர் இளைஞர் குழுக்களும் முன்வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கண்ணாடிப் பாட்டில்களில் அழகாக அடுக்கிப் பெயர் ஒட்டி வைத்த விதைகளில் பெரும்பகுதி இரண்டு, மூன்று ஆண்டுகளில் சத்தமில்லாமல் செத்துவிடுகிறது. விதையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. விதைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். நம் ஊரில் இதற்கு முதல் காரணம் ஈரம். வெயிலில் நான்கு நாள் காய்ந்த விதையும் சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் போதுமான அளவு காய்ந்திருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் உலர்த்தலுக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

இந்த விதை காயுமா?

மரத்தில் கை வைப்பதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். 1973இல் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் விதைகளை இரண்டாகப் பிரித்தார். நன்றாகக் காயவைத்து உறைகுளிரில் வைத்தாலும் உயிரோடிருப்பவை ஒரு வகை. காய்ந்தாலே சாகிறவை இன்னொரு வகை. 1990இல் காபி விதையை ஆராய்ந்தபோது, ஓரளவு காய்ச்சலை, அதாவது உலர்வதை, தாங்கி, அதற்கு மேல் காய்ந்தாலோ உறைந்தாலோ கெடுகிற இடைப்பட்ட வகையும் சேர்ந்தது.

செம்மரம், வேங்கை, உசிலை, கொன்றை, ஆவாரை போன்ற பயறு இனத் தாவரங்களும், பெரும்பாலான புற்களும் செடிகளும் முதல் வகை. நாவல், புன்னை, அசோகம், மா, பலா, வெள்ளைக் குங்கிலியம் ஆகியவை காய்ந்தால் சாகும் வகை. இவற்றை ஃப்ரீசரில் வைப்பது கொல்வதற்குச் சமம். வேம்பு இடையில் நிற்கிறது. எந்தப் பருவத்தில் பறித்தோம், எவ்வளவு வேகமாகக் காயவைத்தோம் என்பதைப் பொறுத்து அதன் நடத்தை மாறுவதால், ஆய்வு முடிவுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

இனம் புதிது, தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்றால் சில அடையாளங்களைப் பாருங்கள். விதை பெரியது, உறை மெல்லியது, மரம் ஈரக்காட்டில் வளர்வது, மழை தொடங்கும் சமயத்தில் பழம் உதிர்வது என நான்கும் சேர்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். இவை ஊகங்களே, உறுதிப்படுத்த 100 விதை இருந்தால் போதும்.

10 விதையில் ஈரப்பதத்தை அளந்துகொள்ளுங்கள். 30 விதையை உடனே விதையுங்கள். 30 விதையை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத டப்பாவில் காயவையுங்கள். மீதி 30 விதையை ஈரமான தென்னைநார்க் கழிவில் கலந்து, அதே அறையில், அதே நாட்கள் வையுங்கள். பிறகு இந்த இரு பங்கையும் ஒரே நாளில் விதையுங்கள். ஈரத்தில் வைத்தது முளைத்து, காயவைத்தது முளைக்காமல் போனால் அது காய்ச்சல் தாங்காத விதை. இரண்டுமே முளைக்கவில்லை என்றால் குற்றம் காய்ச்சலுடையது என்று சொல்ல முடியாது. இந்த ஒப்பீட்டுப் பங்கை விட்டுவிட்டு முடிவெடுக்கிறவர்கள் பலர். அதனால்தான் நல்ல விதைகள் "சேமிக்க முடியாதவை" என்ற முத்திரையோடு ஒதுக்கப்படுகின்றன.

அனுமதி

காப்புக்காட்டில் விதை எடுக்க மாவட்ட வன அலுவலரின் எழுத்துமூல அனுமதி தேவை. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை விண்ணப்பம் போக வேண்டும். வனத்துறைக்கு வெளியே உள்ள நிலமென்றாலும் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் பொருந்தும். ஊராட்சியில் உள்ள பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்குத் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள். விதையை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அதைப் பிற்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

கோயில்காடுகள் தனி. புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு போன்ற இடங்களில்தான் சோழமண்டலக் கரையின் பழைய வறண்ட பசுமைமாறாக் காடு இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடுதான் அதைக் காத்தது. பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் எதற்காக, எவ்வளவு எடுக்கப்போகிறோம் என்று சொல்லி, அவர்கள் சொல்லும் நாளில், அவர்களில் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு போவதே முறை. மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

காலம் கணித்தல்

பூக்கும்போதே ஒருமுறை போய் மரங்களை அடையாளம் காணுங்கள். காய்த்த பிறகு இலையுதிர்ந்து நிற்கும் மரத்தை இனம் காண்பது கடினம். செம்மரம் கோடையில் பூத்தால், அதன் நெற்று ஏறத்தாழப் பத்து மாதம் மரத்திலேயே இருந்து, பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் முற்றும். கடற்கரைக் காட்டு மரங்கள் பலவும் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் பழுக்கின்றன. மழை விழுந்துவிட்டால் நெற்றில் பூஞ்சை ஏறும். மரத்திலேயே விதை கெடும்.

சில தாவரங்கள் மறுவாய்ப்புத் தருவதில்லை. பழனி மலையிலும் ஆனைமலையிலும் வளரும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை விட்டு, செத்துவிடும். 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. விதைக்கூடு காய்ந்ததும் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அதனால் கூடு பழுப்பேறத் தொடங்கும் வாரத்திலேயே பூங்கொத்தின் மேல் மெல்லிய துணிப்பை கட்ட வேண்டியிருக்கும். 2023இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டதால், 2030இல் விதை எடுக்க நினைக்கும் நிறுவனங்கள் அனுமதி வேலையை ஓராண்டு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

எவ்வளவு எடுக்கலாம்?

உலக அளவில் விதை வங்கிகள் பின்பற்றும் எல்லை, அன்று முற்றியிருக்கும் விதையில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது. இது மேல்வரம்பு; அருகிவரும் இனத்துக்கும், ஒரே பருவத்தில் முடிந்துபோகும் செடிக்கும் 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள். 20 சதவீதம் என்று கணக்கிடும்போது உங்களுக்கு முன்பே வேறொருவர் அதே மரத்தில் எடுத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். இரண்டு குழுக்கள் தனித்தனியாக நேர்மையாக எடுத்தாலும் மரத்துக்கு அது 40 சதவீதம்தான்.

மரபு வேறுபாடு முழுமையாக வர வேண்டுமானால் குறைந்தது 50 தாய்ச்செடிகளிலிருந்து எடுக்க வேண்டும். ஓரிடத்தில் 20 செடியில் ஒன்றுக்கு மட்டும் இருக்கும் மரபுப் பண்புகூட அப்போதுதான் பெரும்பாலும் தொகுப்புக்குள் வந்துசேரும். நல்ல தொகுப்பு என்றால் 10,000 விதை இருக்கும். அரிய மரங்களில் இது நடக்காத காரியம். 7 மரம்தான் நிற்கிறது என்றால் 7இலும் எடுங்கள், ஆனால் ஒவ்வொரு மரத்தின் விதையையும் தனிப் பையில், தனி எண்ணில் வையுங்கள். கலந்துவிட்டால் பின்னால் நாற்று நடும்போது ஒரே தாயின் பிள்ளைகள் பக்கம் பக்கமாக நிற்கிறார்களா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஒரே மரத்திலும் கைக்கு எட்டும் கிளையில் மட்டும் பறிக்கக் கூடாது. மேல், கீழ், நான்கு திசை என்று பிரித்து எடுங்கள். காய்த்துக் குலுங்கும் மரத்தை மட்டும் தேடிப் போவதும் தவறு. குறைவாகக் காய்த்த மரம் தாங்கும் வறட்சியை மற்றது தாங்காமல் இருக்கலாம்.

செங்காந்தளுக்கு ஓர் எச்சரிக்கை. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இது விதைக்காகவே கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிடப்படுகிறது. வயல்களுக்கு அருகில் இருக்கும் செடியில் எடுத்தால் காட்டு இனத்தைச் சேமித்தோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது; தள்ளி உள்ள காட்டுப் பகுதிக்குப் போங்கள். அதன் விதையில் கோல்சிசின் என்ற நஞ்சு இருப்பதால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

முற்றியதா, பதரா?

பால் பருவத்தில் பறித்த விதை காய்ச்சலைத் தாங்காது. காய்ச்சல் தாங்கும் திறன் விதை முற்றுவதன் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. உறை தன் இறுதி நிறத்தை அடைந்திருக்க வேண்டும். நெற்றை ஆட்டினால் பல இனங்களில் விதை குலுங்கும் சத்தம் கேட்கும். கொஞ்சம் முற்றாத காய் கிடைத்தால் உடனே உலர்த்தாமல், காம்போடு நிழலில், காற்றோட்டத்தில் சில நாள் வைத்து முற்றவிடுங்கள்.

பறிப்பதற்கு முன் 20 விதையை வெட்டிப் பார்ப்பது கட்டாயம். செம்மர நெற்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் சொரசொரப்பான தடித்த மேடு, சுற்றிலும் மெல்லிய சிறகு. வெளியே எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். மேட்டை நகவெட்டியால் குறுக்கே வெட்டினால்தான் உள்ளே செம்பழுப்பு உறையுடன் கெட்டியான வெண்ணிற வித்திலை இருக்கிறதா, வெறும் பஞ்சுபோன்ற பொக்கு இருக்கிறதா, புழு தின்ற தூள் இருக்கிறதா என்று தெரியும். இந்த மரத்தில் பதர் சகஜம். 20இல் 8 பதர் என்றால் நல்லது 60 சதவீதம். 1,200 நல்ல விதை வேண்டுமென்றால் 2,000 நெற்று எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் பதரோ சொத்தையோ என்றால் அந்த மரத்தை அந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.

மிதக்கும் விதை பதர், மூழ்குவது நல்லது என்ற பழைய சோதனையைச் சிறகுள்ள விதைக்கும், பஞ்சுள்ள விதைக்கும், எண்ணெய் விதைக்கும் நம்பாதீர்கள். நல்ல விதையும் மிதக்கும். போதாததற்குக் காய்ந்த விதை நனைந்தும் போகும்.

பறித்தலும் கொண்டுவருதலும்

தார்ப்பாயை விரித்துத் துரட்டியால் கிளையை மெல்ல உலுக்குவது மரத்துக்கும் நல்லது, விதைக்கும் நல்லது. கிளையை ஒடிக்காதீர்கள். தரையில் முன்பே கிடப்பதைப் பொறுக்காதீர்கள். எந்த மரத்தினுடையது என்று தெரியாது, வண்டும் பூஞ்சையும் அதில்தான் அதிகம்.

மாகாளிக்கிழங்கின் விதையை எடுப்பதில் நாள் கணக்கு முக்கியம். கிழங்கு ஊறுகாய்க்காகத் தோண்டப்படுவதால் காய்க்கும் வயது வரை கொடி தப்புவதே அபூர்வம். காய்கள் இரட்டையாக எதிரெதிரே நீண்டிருக்கும். பச்சை மாறி வைக்கோல் நிறம் வந்ததும் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் வெடிக்கும். உள்ளே தட்டையான விதைகள் ஒவ்வொன்றின் நுனியிலும் வெண்பட்டுக் குஞ்சம். வெடித்த அன்றைக்கே காற்று கொண்டுபோய்விடும். பச்சை மங்கத் தொடங்கும்போதே காயின் மேல் மல் துணிப்பை கட்டி, வெடித்த பிறகு பையோடு எடுங்கள். குஞ்சத்தைக் கையால் உருவிவிட்டால் போதும். இந்த விதையை அறையில் அப்படியே வைத்தால் விரைவில் முளைப்புத்திறனை இழக்கும். வந்த அன்றே உலர்த்தத் தொடங்குங்கள், ஒரு பங்கை உடனே விதைத்தும் விடுங்கள்.

காய்ந்த நெற்றுகளுக்குத் துணிப்பை அல்லது காகிதப்பை. பிளாஸ்டிக் பை ஒருபோதும் வேண்டாம். சதைப்பழங்களைக் குவித்து வைத்தால் புளித்துச் சூடேறும், விதை வெந்துவிடும். மூங்கில் கூடையில் ஒரு கை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மூன்று நாளுக்குள் கொண்டுவந்து சேருங்கள். மே மாத வெயிலில் கதவு பூட்டிய வண்டிக்குள் விதைப்பையை விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஈரமான விதைக்கு அந்தச் சூடு ஒரு மணி நேரம் போதும்.

குறிப்பேடு

விவரம் இல்லாத விதையால் பாதுகாப்புக்குப் பயன் மிகக் குறைவு. சேகரிப்பு எண், நாள், ஊர், வட்டம், ஜிபிஎஸ் அளவு, கடல்மட்டத்திலிருந்து உயரம், மண், சரிவு, கூட வளரும் தாவரங்கள், அங்கே மொத்தம் எத்தனை செடி, எத்தனையிலிருந்து எடுத்தோம், 20 வெட்டியதில் எத்தனை நல்லவை ஆகியவற்றை இடத்திலேயே எழுதுங்கள். பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில். பேனா மை ஈரத்தில் கரையும், பல ஆண்டில் மங்கும்.

பூவோ காயோ உள்ள மாதிரிக் கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, அதே எண்ணோடு ஒரு தாவர மாதிரியகத்தில் சேர்க்க வேண்டும். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் மாதிரியகம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்றும் அறியப்பட்ட இடங்கள். இனப்பெயரில் சந்தேகம் வந்தால் பத்தாண்டு கழித்தும் இந்தக் கிளைதான் சாட்சி. இருக்கும் இடத்தின் துல்லியமான அளவைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், குறிப்பாகச் செம்மரம், சந்தனம் என்றால்.

சுத்தம் செய்தல்

சந்தனம், பாலை, வீரை போன்ற சதைப்பழங்களை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, சல்லடை மேல் கொஞ்சம் மணலோடு தேய்த்து, ஓடும் நீரில் அலசுங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை நிச்சயம். சந்தன விதை கிலோவுக்கு ஏறத்தாழ 6,000 இருக்கும். அலசியதும் நிழலில் பரப்ப வேண்டும்.

காய்ந்தவற்றுக்கு முறமும் சல்லடையுமே சிறந்த கருவிகள். புடைக்கத் தெரிந்தவர் கையில் முறம் பதரைப் பிரிப்பதுபோல் விலையுயர்ந்த இயந்திரமும் பிரிக்காது. எண்ணெய், சாம்பல், வேப்பிலைத்தூள், மருந்து எதையும் பூசாதீர்கள். வீட்டு விதைக்குச் சாம்பல் நல்ல வழக்கம். நீண்டகாலச் சேமிப்பில் அது ஈரம் அளப்பதற்கும் விதையைப் பார்ப்பதற்கும் இடைஞ்சல். செம்மரச் சிறகை ஓரமாக நறுக்கி இடத்தை மிச்சப்படுத்தலாம். நெற்றை உடைத்து விதையை வெளியே எடுக்க முயன்றால் பாதி விதை காயப்படும்.

உலர்த்துதல்

விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் வகுத்த இந்தத் தோராய விதி ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரை பொருந்தும். இதை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றினால் ஐந்து முறை இரட்டிக்கிறது: 32 மடங்கு. ஈரப்பதத்தை 14இலிருந்து 6க்குக் கொண்டுவந்தால் எட்டு முறை: 256 மடங்கு. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, ஃப்ரீசர் வாங்குவதா, சிலிக்கா ஜெல் வாங்குவதா என்று கேட்டால் முதலில் சிலிக்கா ஜெல் வாங்குங்கள் என்போம்.

வெயில் ஏன் போதாது? விதை தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைச் சமன் செய்துகொள்ளும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் மாவுச்சத்து விதை 13, 14 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். எத்தனை நாள் பரப்பினாலும் அதற்குக் கீழே போகாது. பகல் வெயிலில் கொஞ்சம் இறங்கியது இரவில் திரும்ப ஏறிவிடும். நமக்கு வேண்டியது 15 சதவீத ஈரப்பதமுள்ள காற்று. அதில் மாவு விதை 5, 6 சதவீதத்துக்கும், எண்ணெய் விதை 3, 4 சதவீதத்துக்கும் வரும். பெரிய விதை வங்கிகளில் இதற்கென 15 டிகிரி குளிரும் 15 சதவீத ஈரமும் உள்ள தனி அறை இருக்கும். நாம் அதை ஒரு டப்பாவுக்குள் உண்டாக்க வேண்டும்.

முதல் கட்டம்: நிழல், மின்விசிறி, வலைத்தட்டில் ஒற்றை அடுக்கு, மூன்று முதல் ஏழு நாள். நேர்வெயில் வேண்டாம், கருநிற விதையின் மேற்பரப்பு வெயிலில் காற்றைவிட மிகவும் சூடேறும். குளிரூட்டிய அறை இருந்தால் இந்தக் கட்டத்துக்கு மிகவும் உதவும்.

இரண்டாம் கட்டம்: ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா. அடியில் சிலிக்கா ஜெல், மேலே வலைத்தட்டு, அதன்மேல் மெல்லிய துணிப்பைகளில் விதை, பக்கத்தில் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி. எவ்வளவு ஜெல்? 1 கிலோ விதை 12 சதவீத ஈரத்தில் இருந்தால் அதில் உலர்பொருள் 880 கிராம். 5 சதவீதத்துக்கு வரும்போது எடை 926 கிராம் ஆகும். அதாவது 74 கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். அந்த வறண்ட நிலையில் சிலிக்கா ஜெல் தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கே நீரைப் பிடித்து வைக்கும் என்று கொள்ளுங்கள். எனவே சுமார் 925 கிராம், அதாவது விதையின் எடைக்குச் சமமான ஜெல் வேண்டும். தேநீர்க் கரண்டி அளவு ஜெல் பொட்டலத்தைப் பாட்டிலுக்குள் போட்டுவிட்டு விதை காயும் என்று எதிர்பார்ப்பதன் பிழை இந்தக் கணக்கில் தெரியும்.

ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், நிரம்பியதும் பச்சையாகும். நீலநிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால் தவிர்ப்பது நல்லது. பச்சையானதை ஓவனில் 110 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். 120க்கு மேல் போனால் நிறம் காட்டும் திறன் போய்விடும். சுடச்சுட விதையோடு சேர்க்காமல், மூடிய பாட்டிலில் ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

சிறு விதைக்கு ஒன்றிரண்டு வாரம், தடித்த உறையுள்ள பெரிய விதைக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். முடிந்ததா என்று அறிய, விதையை மட்டும் ஒரு சிறு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி, ஈரப்பதமானியை உள்ளே வைத்து மூடி ஒரு நாள் விடுங்கள். 15 முதல் 20க்குள் காட்டினால் போதும். 30 காட்டினால் இன்னும் வேலை இருக்கிறது. டப்பாவில் ஜெல்லோடு சேர்த்து அளந்தால் ஜெல்லின் வறட்சியைத்தான் கருவி காட்டும், விதையினுடையதை அல்ல. இந்த முறையில் அரிய விதை ஒன்றுகூட வீணாவதில்லை. விதை ஏராளமாக இருந்தால் மட்டும் 103 டிகிரி ஓவனில் 17 மணி நேரம் வைத்து எடை பார்க்கும் முறைக்குப் போங்கள்.

மலிவான ஈரப்பதமானிகள் தவறு காட்டும். கைப்பிடி சமையல் உப்பைச் சில சொட்டு நீரில் குழைத்து மூடிய டப்பாவில் கருவியோடு 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். மக்னீசியம் குளோரைடு குழம்பில் 33 காட்ட வேண்டும். நமக்கு வேண்டியது கீழ்ப்பக்க அளவு என்பதால் இரண்டாவதையும் தவறாமல் செய்யுங்கள்.

பைகளும் ஃப்ரீசரும்

மூன்றடுக்கு அலுமினியப் பையைச் சூட்டால் ஒட்டிவிடலாம். ரப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள கண்ணாடி ஜாடியும் நல்லது. சாதாரண பாலித்தீன் பை வழியாக மாதக்கணக்கில் ஈரம் ஊடுருவும். திருகுமூடிப் பாட்டில்களையும் நம்ப முடியாது. ஒவ்வொரு பையிலும் சில ஆரஞ்சு ஜெல் மணிகளைச் சிறு துணியில் முடிந்து போட்டால், பிறகு திறக்கும்போது கசிவு இருந்ததா என்று நிறமே சொல்லும். கூர்மையான விதைகள் பையைத் துளைக்கும்; முதலில் காகித உறையில் இடுங்கள்.

−18 முதல் −20 டிகிரி வரை போகும் சாதாரண டீப் ஃப்ரீசர் போதும். மேலே திறக்கும் வகை நல்லது. தானாகப் பனி நீக்கும் வகையில் அடிக்கடி வெப்பம் ஏறி இறங்கும். மின்வெட்டை நினைத்து அஞ்ச வேண்டாம். நன்றாகக் காய்ந்து, இறுக்கமாக மூடிய விதைக்குச் சில மணி நேர வெப்ப ஏற்றம் பெரிய கேடல்ல. ஈரமான விதையை ஃப்ரீசரில் வைப்பதுதான் ஆபத்து: உள்ளே பனிப்படிகம் உருவாகி உயிரணுக்கள் கிழியும். பயறு இன விதைகளுக்குள் இருக்கும் வண்டின் புழுவும் இந்தக் குளிரில் செத்துவிடும் என்பதால் தனியாக மருந்து தேவையில்லை.

ஒவ்வொரு தொகுப்பையும் இரண்டாகப் பிரித்து வேறு ஊரில் ஒரு பங்கை வைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வெள்ளமோ தீயோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடாது.

காயாத விதைகளுக்கு என்ன வழி?

நாவலையும் அசோகத்தையும் சதை நீக்கி, ஈரமான தென்னைநார்க் கழிவில், காற்றுப் புகும்படி மூடி, 15 டிகிரிக்குக் கீழே போகாமல் வைத்து, ஓரிரு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். இவற்றுக்கு விதை வங்கி என்பது நட்டு வளர்க்கும் தோப்புத்தான். பல தாய்மரங்களின் கன்றுகளை எண் வைத்து ஒரே தோட்டத்தில் வளர்ப்பதற்கு இடமும் தண்ணீரும் பல பத்தாண்டுப் பொறுப்பும் வேண்டும். ஏற்க முடியாதவர்கள் இந்த இனங்களின் விதையை எடுக்காமலிருப்பதே அந்த மரத்துக்குச் செய்யும் உதவி. கருவில் வேராகவும் தண்டாகவும் வளரும் அச்சுப் பகுதியை மட்டும் வெட்டி −196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கும் முறையும் உண்டு. அது ஆய்வகங்களின் வேலை.

முளைப்புச் சோதனை

சேமிக்கும் முன் ஒருமுறை, பிறகு ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். 50 விதை போதும். மிக அரியதென்றால் 25. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பையை உடனே திறக்காதீர்கள். வெளியே இருக்கும் ஈரம் குளிர்ந்த விதைகள் மேல் நீராகப் படியும். ஒரு நாள் அப்படியே விட்டு, அறைவெப்பம் வந்த பிறகு திறந்து, வேண்டியதை எடுத்து உடனே ஒட்டுங்கள். மிகவும் காய்ந்த விதையை நேராகத் தண்ணீரில் போட்டாலும் திடீரென நீர் ஏறித் திசு சிதையும். தண்ணீர் வைத்த மூடிய டப்பாவுக்குள், நீர் தொடாமல், வலைமேல் ஒரு நாள் வைத்து மெல்ல ஈரமேற்றிய பிறகு ஈரமணலிலோ ஈரக்காகிதத்திலோ இடுங்கள்.

முளைக்காத விதை எல்லாம் செத்தது அல்ல. கொன்றை, ஆவாரை போன்றவற்றின் கடினமான உறையில் கருவுக்கு எதிர்ப்பக்கமாக நகவெட்டியால் சிறு கீறல் போட்டால் நீர் இறங்கும். சந்தன விதையை ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியின் 0.05 சதவீதக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் உறக்கம் கலையும். சோதனை முடிந்ததும் முளைக்காதவற்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக, கெட்டியாக இருந்தால் அது உறங்குகிறது. கூழாக, பழுப்பாக இருந்தால் செத்தது. பதராக இருந்தால் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுச் சதவீதம் போடுங்கள்.

முதல் சோதனையில் 80 சதவீதம் முளைத்த தொகுப்பு 60க்கு வந்துவிட்டால் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. முடிந்தால் அதே இடத்தில் மறுபடி சேகரியுங்கள். அந்த இடமே அழிந்திருந்தால் இருக்கும் விதையை நாற்றாக்கி, எடுத்த இடத்துக்கு மிக அருகில், அதே மண், அதே உயரத்தில் நடுங்கள். ஜவ்வாது மலையின் விதையைக் கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். நாற்றுப்பையில் இனப்பெயரோடு தாய்மரத்தின் எண்ணும் இருக்க வேண்டும். நட்ட குழியின் இடத்தை அதே எண்ணுக்கு நேராகக் குறிப்பேட்டில் எழுதி, இரண்டாம் பங்கு வைத்திருக்கும் ஊருக்கும் அதன் நகலை அனுப்பிவிடுங்கள்.